தாய்மீதா குற்றம்?

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நடந்த ஒன்றைப் பற்றி இந்த இதழில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதினால் சிலருக்கு மனவருத்தம் ஏற்படும் என்பது தெரியும். ஆயினும் எழுதுகிறோம். ஏனெனில் அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் இப்பத்திரிகையின் ஆசிரியர் குழுவினரும் உண்டு.

விஷயம் இதுதான். நம் உறுப்பினர் ஒருவரின் மூன்று வயது மகன் அடுப்பின் மேலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை இழுத்துத் தன்மேல் கொட்டிக்கொண்டான். தாய் அப்போது கோட்டி வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் வேலை தேடி லேபர் சௌக்கில் நின்றிருந்தார். வீட்டில் இருந்தது எட்டு வயது அக்காள். அவள்தான் தம்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். இடது காலெல்லாம் வெந்துபோய், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிள்ளை பிழைத்து வந்தான். அந்தக் குடும்பத்துக்கு மருத்துவ நிதியிலிருந்து உதவி செய்வது என்ற தீர்மானம் வந்தபோது நம் மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "பணம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெற்றவளுக்குப் பொறுப்பு வேண்டாமா? மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய் அப்படி என்ன சம்பாத்தியம்? நம் ஊரில் பெண்கள் இப்படியா பிள்ளை வளர்த்தார்கள்?" என்று கேட்டார். சிலர் தலையை ஆட்டினார்கள். பெண்கள் வரிசையின் கடைசியில், காலில் கட்டுப் போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தீர்மானம் நிறைவேறிற்று. அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். பொங்கல் விழாவுக்கு மைக் செட் யாரிடம் எடுப்பது என்பதே அந்த அடுத்த பொருள்.

பேசிய தோழரை நமக்கு நன்றாகத் தெரியும். குடிசைகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நடந்த மறியலில் போலீஸ் தடியடி பட்டவர். கெட்ட எண்ணத்தில் பேசுகிறவர் அல்லர். அதனாலேயே அவருக்குப் பதில் சொல்வது அவசியமாகிறது. கெட்டவர் பேசியிருந்தால் விட்டுவிடலாம்.

அப்படி என்ன சம்பாத்தியம் என்று கேட்டார். நம் சங்கத்துத் தாய்மார் ஒருவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் பிடிக்க வேண்டும். சோறாக்கி, பெரியவளுக்குப் பள்ளிக்கூட டப்பா கட்டி, ஆறரை மணிக்கு முதல் கோட்டியில் நிற்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குள் நான்கு வீட்டுப் பாத்திரம், பெருக்கல், துடைத்தல். அப்புறம் வீட்டுக்கு வந்து தன் வீட்டுத் துணி. மாலை நான்கரைக்கு மீண்டும் இரண்டு வீடு. ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். நான்கு நாள் வராவிட்டால் ஐந்தாம் நாள் கேட்டில் வேறொரு பெண் நிற்பாள். அவளும் நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவளாகவே இருப்பாள் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு எதற்கு, கணவன் சம்பாதிக்கவில்லையா என்று கேட்கலாம். கட்டட வேலையில் இருக்கும் நம் தோழர்களுக்கு அதற்கு விடை தெரியும். தில்லியில் குளிர்காலம் வந்து காற்று கெட்டுப்போனால் அரசு முதலில் கைவைப்பது கட்டட வேலையில்தான். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில், சைட்டை மூடிவிடுகிறார்கள். காற்றைக் கெடுத்தவன் காரில் போகிறான். கூலி இழப்பவன் கொத்தனாரும் சித்தாளும். நிவாரணப் பணம் என்று அறிவிப்பார்கள். அது நலவாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பவனுக்கு. நம்மில் எத்தனை பேர் புதுப்பித்து வைத்திருக்கிறோம் என்பதைக் கேட்காமல் விடுவோம். அந்த நாட்களில் வாடகையும், ரேஷனும், ஊர்க்கடனுக்கு வட்டியும் ஓடுவது பாத்திரம் தேய்க்கும் கையால்தான். பிள்ளைக்கு வெந்நீர் கொட்டியதும் அத்தகைய ஒரு மாதத்தில்தான். அந்தத் தாய் அன்று வேலைக்குப் போனது சம்பாத்திய ஆசையால் அல்ல. போகாவிட்டால் அடுத்த நாள் அடுப்பில் வைக்க வெந்நீரைத் தவிர வேறொன்றும் இருந்திராது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சேலம், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள். நம் அம்மாவும் ஆயாவும் வேலைக்குப் போகாமலா நம்மை வளர்த்தார்கள்? நடவுக்குப் போனார்கள், களை எடுக்கப் போனார்கள், கல் உடைக்கப் போனார்கள். பிள்ளை பெற்று வீட்டோடு இருந்தவள் மிராசுதார் வீட்டுப் பெண். நம் வீட்டுப் பெண் அல்லள். அந்த நாளை நாம் மறந்துவிட்டு, சினிமாவில் பார்த்த அம்மாவை நம் அம்மா என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் அங்கே ஒன்று இருந்தது. வரப்போரத்துப் புங்க மரத்தில் புடவையால் தூளி கட்டினால், முதலாளியின் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. பிள்ளை அழுதால் கரையேறி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி வயலில் இறங்கலாம். மூன்று வீடு தள்ளி ஆயா இருந்தாள்; எதிர்வீட்டில் பெரியம்மா இருந்தாள்; ஊர்க்கிணற்றடியில் யாராவது ஒருத்தி எப்போதும் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். பிள்ளை பெற்றவளுக்கு வேது குளியல், பூண்டுக் குழம்பு, கருவாடு, பத்தியம். பிள்ளைக்கு வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்த உரை மருந்து. அந்த மருந்தில் எது நல்லது, எது வீண் என்று டாக்டர்கள் பேசிக்கொள்ளட்டும். அதை உரைப்பதற்கு ஒரு ஆள் வீட்டில் இருந்தாள் என்பதே நாம் சொல்ல வருவது. ஒரு பிள்ளையை வளர்க்க ஐந்தாறு பெண்களின் கை இருந்தது. அந்தக் கைகளை ஊரிலேயே விட்டுவிட்டு, பெற்றவளை மட்டும் ரயிலேற்றித் தில்லிக்குக் கூட்டிவந்தோம். ஐந்தாறு பேர் செய்ததை ஒருத்தியாகச் செய் என்கிறோம். அவள் செய்ய முடியாமல் போனால் 'பொறுப்பு வேண்டாமா' என்று கேட்கிறோம்.

ஊரைப் பற்றிச் சொல்லும்போது அதைத் தங்கமாக்கியும் விடக்கூடாது. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டதும், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்ததும் அதே ஊர்தான். ஆண் பிள்ளைக்கு மாமன் சீர் வந்தபோது, மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு ஒரு மூதாட்டி கள்ளிப்பாலைத் தேடிப் போனதும் நம் பக்கத்து ஊர்களில்தான். 1992-இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம் என்பதை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் ஊர் உலகம் என்ன பேசிற்று? தாய்க்கு மனமே இல்லையா, பெற்ற வயிறு எரியவில்லையா என்று பேசிற்று. சிறைக்குப் போன தாய்மாரும் உண்டு. அந்தக் கொலையை நாம் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் மழையை நம்பிய மேட்டுக்காடு, அந்தக் காட்டிலும் பெண் பேரில் ஒரு சென்ட் இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுக்க வரதட்சணைக்குக் கந்துவட்டி, அதைக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வெளியே வெள்ளை வேட்டியில் நிற்க, கூண்டில் ஏற்றப்பட்டவள் தாய் ஒருத்தி. வறுமையும் வழக்கமும் கூடிச் செய்த பாவத்துக்குத் தாய் பேரில் சீட்டு எழுதுவது நம்மவர்க்குப் புதிய பழக்கம் அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

நிற்க. தாய்ப்பால் விஷயத்துக்கு வருவோம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காதே என்று டிஸ்பென்சரிச் சுவரில் எழுதியிருக்கிறது. மிகச் சரி. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. ஆனால் நம் பெண் நாற்பதாம் நாள், சிலர் அதற்கும் முன்பே, வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். இல்லையென்றால் வீடு போய்விடும். வீடு என்றால் குடியிருக்கும் வீடல்ல. வேலை செய்யும் வீட்டை நம் பெண்கள் 'என் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாவது வீட்டில் நிற்கும்போது மார்பில் பால் கட்டிக்கொண்டு தெறிக்கும். பாத்ரூமுக்குள் போய்ப் பிழிந்து ஊற்றிவிட்டு வந்து மறுபடி துடைப்பத்தை எடுத்ததாக ஒன்றல்ல, பல தாய்மார்கள் நம் மகளிர் அணித் தோழியரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதே நேரத்தில் குடிசையில் பிள்ளை சாயாவில் நனைத்த ரஸ்க்கைச் சப்பிக்கொண்டிருக்கும். பிறகு பிள்ளையை எடை போட்டுப் பார்த்து, பால் கொடுக்க மாட்டாயா என்று நர்ஸ் அதட்டுவார். இவள் தலை குனிந்து நிற்பாள். அந்த நர்ஸ் அம்மாளும் ஒப்பந்தச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவராக இருக்கலாம். அவர் பிள்ளை யாரிடம் இருக்கிறதோ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பெண்கள் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் அல்லர். கோட்டி வீட்டுப் பிள்ளைக்குப் பால் புட்டியைக் கொதிக்க வைப்பதும், பார்க்கில் தள்ளுவண்டியில் வைத்துச் சுற்றுவதும், தூங்க வைப்பதும் அவர்கள்தான். நம் ஊர்த் தாலாட்டைக் கேட்டுத் தூங்கும் பஞ்சாபிப் பிள்ளைகள் தெற்குத் தில்லியில் எத்தனையோ! அந்த வீட்டு மேம்சாப் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவரும் வேலைக்குப் போகிற பெண். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த விதிகள் இடம்பெற்றன. நல்ல சட்டம். பெண்கள் போராடிப் பெற்ற சட்டம். ஆனால் கடைக்கும் கம்பெனிக்கும் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்தான். ஒரு கோட்டியில் ஒரு பெண் வேலை செய்தால் அது நிறுவனம் ஆகாது. ஆறு கோட்டிகளில் அவளே வேலை செய்தாலும் ஆகாது. மேம்சாபின் 26 வாரம் முடிந்து அவர் ஆபீசுக்குப் போவது நாற்பது நாளில் வேலைக்குத் திரும்பிய நம் பெண்ணின் தோளில் ஏறித்தான். இந்தக் கணக்கைச் சட்டம் எழுதியவர்கள் போடவில்லை.

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் காப்பகம் இருந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற சைட்டாக இருக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரன் பெண்களை ஏட்டில் எப்படி எழுதுகிறான், எத்தனை பேரைப் புருஷன் பேரிலேயே ஜோடிக்கூலியாக எழுதிவிடுகிறான் என்பது நம் தோழர்கள் அறிந்ததே.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அங்கன்வாடி வந்தது. பிள்ளைகளுக்குச் சத்துணவும் தடுப்பூசியும் அதனால் கிடைத்ததை மறுக்க முடியாது. ஆனால் அது திறப்பதற்குள் நம் பெண் இரண்டு வீட்டுப் பாத்திரத்தை முடித்திருப்பாள்; அது மூடும்போது நான்காவது வீட்டில் இருப்பாள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வீட்டுக்கு எடுத்துப்போக மாவு தருவார்களே தவிர, பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கன்வாடியையே காப்பகமாக்கும் 'பால்னா' திட்டம் 2022-இல் வந்தது. நம் பகுதிக்கு அது வரவில்லை. மனுப் போட்டிருக்கிறோம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பலருக்கு இது தெரியவில்லை. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிப் பெண்ணுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவி என்றது. 2017-இல் வந்த மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் பிள்ளைக்கு 5,000 என்றது. மீதியை ஆஸ்பத்திரிப் பிரசவ உதவியோடு சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். இரண்டாவது பிள்ளை பெண்ணானால் 6,000 என்று பிறகு சேர்த்தார்கள். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பணமும் சத்துப் பெட்டகமுமாக, 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குக் கர்ப்பமான தொடக்க வாரங்களிலேயே ஊர்ச் செவிலியரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். தில்லியில் எட்டு மாதம் வரை பாத்திரம் தேய்த்துவிட்டு ஒன்பதாம் மாதம் ஊருக்குப் போகிறவளுக்கு அதைப் பெறுவது எளிதல்ல. இங்கேயும் முழுதாக இல்லை, அங்கேயும் முழுதாக இல்லை என்பதுதான் பிழைக்க வந்தவர் கதை. ஊருக்குப் பிரசவத்துக்குப் போக நினைக்கும் சகோதரிகள் முன்கூட்டியே சங்க அலுவலகத்துக்கு வந்தால், பதிவுக்கு வேண்டிய தாள்களை எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறது.

இந்த நெருக்கடியில் நம் குடும்பங்கள் இரண்டு வழி கண்டிருக்கின்றன. ஒன்று, பெரிய பெண் குழந்தையைச் சின்னத் தாயாக்குவது. எட்டு வயதில் இடுப்பில் தம்பியைச் சுமக்கிறவள், பத்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறவள், பன்னிரண்டு வயதில் போவதே இல்லை. 6 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2009-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தோடு தம்பியை வைத்துக்கொள்ள ஒரு ஆளையும் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெந்நீர் கொட்டிய வீட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தச் சிறுமியைப் பற்றி அன்று பொதுக்குழுவில் யாருமே பேசவில்லை. தீர்மானம் எழுதிய நாமும் அவளைச் சேர்க்கவில்லை. அவள் இப்போது அடுப்புப் பக்கம் போகப் பயப்படுகிறாளாம். தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். தாய்மீது நாம் போட்ட பழி எங்கே போய் இறங்கியிருக்கிறது பாருங்கள்.

மற்ற வழி, பிள்ளையை ஊரில் ஆயாவிடம் விடுவது. அங்கே சத்துணவு உண்டு. 2022 முதல் அரசுப் பள்ளிச் சிறுவர்களுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆயாவின் கண்ணும் உண்டு. பிள்ளை உடம்பு தேறுவதைப் பார்த்தோம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு இரவுப் பயணமாய்த் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய் இறங்கும் தாயைப் பார்த்துப் பிள்ளை ஆயாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறது. 'அத்தை வந்திருக்குது' என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. போனில் மாதா மாதம் பணம் போய்ச் சேருகிறது. மடி போய்ச் சேரவில்லை. இப்படி விட்டுவந்த தாய்க்கும் நம்மிடையே ஒரு பட்டம் தயாராக இருக்கிறது: பிள்ளையைத் தள்ளிவிட்டு வந்தவள். கூடவே வைத்திருந்தால் பொறுப்பில்லாதவள், ஊரில் விட்டால் பாசமில்லாதவள். அவள் எங்கேதான் போவாள்?

இவ்வளவு கஷ்டத்துக்கிடையிலும் குடிசைப் பகுதியில் ஏதோ ஒரு ஏற்பாடு உண்டாகிவிடுகிறது. ஒரே சந்தில் நாலு ஊர்க்காரர்கள் இருப்பார்கள். கால் முடியாத ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்து ஆறு பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருப்பாள். அதைச் சட்டம் குடிசை என்கிறது. நமக்கு அது காப்பகம். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். பாராபுல்லா வாய்க்கால் ஓரம் என்று உயர்நீதிமன்ற ஆணையின்படி சுமார் 370 வீடுகள் போயின. 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்றார்கள். அந்த வீடும் நரேலாவில். சுமார் 40 கிலோமீட்டர். வேலை ஜங்புராவில், பள்ளிக்கூடம் இங்கே, அடுக்குமாடி அங்கே. நரேலாவிலிருந்து ஆறரை மணி வேலைக்கு வர வேண்டுமானால் தாய் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? பிள்ளையை எந்த வாசலில் விட வேண்டும்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றும் நரேலாவில் இல்லை. மற்றக் குடும்பங்கள் பக்கத்துச் சந்துகளில் வாடகைக்குச் சிதறின. சில ஊருக்கே திரும்பின. இடிபட்ட சுவரை எண்ணினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த கிழவியை யாரும் எண்ணவில்லை.

இது ஒருபுறமிருக்க, நம் பக்கம் திரும்புவோம். வீட்டுவேலைத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இயற்றிய 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமே, இத்தகைய சட்டத்தின் தேவையை ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. இந்தப் போராட்டம் நீண்டது, விடப்போவதில்லை. ஆனால் சட்டம் வருகிறவரை பிள்ளை மூன்று வயதிலேயே நின்றுகொண்டிருக்குமா?

1969-இல் இதே தில்லியில், கட்டட வேலை நடந்த இடத்தில் மண்ணில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் என்ற அம்மையார் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரெஷ் என்று அது வளர்ந்தது. சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நமக்குக் கூடாரம் வேண்டாம். நம்மிடம் கூடம் இருக்கிறது. உறுப்பினர் சந்தாவிலும், கைப்பிடி அரிசியிலும், பெண்கள் சீட்டுப் பணத்திலும் கட்டிய சங்கக் கூடம். வாரத்தில் ஆறு நாள் பகலில் அது பூட்டிக் கிடக்கிறது. காலை ஆறு முதல் பிற்பகல் மூன்று வரை அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று மகளிர் அணி இரண்டு ஆண்டாகக் கேட்கிறது. சந்தில் உள்ள இரண்டு மூத்த தாய்மார்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளை விடும் குடும்பம் ஒரு பங்கு, சங்கம் ஒரு பங்கு. இரண்டு ஆண்டாகச் செயற்குழு 'பரிசீலனையில்' வைத்திருக்கிறது.

ஆட்சேபணைகள் நமக்குத் தெரியும். சுவர் அழுக்காகும் என்கிறார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் சங்கத்தின் பேர் கெடும் என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. அதற்காகவே அடுப்பு இல்லாத அறை, வாசலில் தடுப்பு, ஒரு ஆளுக்கு இத்தனை பிள்ளை என்ற வரையறை எல்லாம் எழுதித் தந்திருக்கிறார்கள். பூட்டிய குடிசைக்குள் ஆனால் மட்டும் பேர் கெடாதா? இன்னொரு ஆட்சேபணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூட்டம் முடிந்து டீக்கடையில் சொல்கிறார்கள். எல்லார் பிள்ளையும் ஒன்றாகவா உட்காரும், யார் கையால் சாப்பிடும் என்று. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தும் தெருவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம். கோட்டிக்காரன் நம் எல்லோரையும் 'மதராசி' என்ற ஒரே பேரால்தான் கூப்பிடுகிறான். தனித்தனி டம்ளர் வைத்தால் எல்லோருக்கும்தான் வைக்கிறான். சங்கத்தின் விதிப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருப்பதைப் படித்துவிட்டு இந்த ஆட்சேபணையைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று சொல்லத் துணிவுள்ளவர் சொல்லட்டும்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சைட் மூடியிருந்த அந்த மாதம் அந்தத் தகப்பன் தினமும் லேபர் சௌக்கில் நின்றதை நாம் குறை சொல்லவில்லை. வேலை தேடித்தான் நின்றார். ஆனால் பத்து மணிக்கு மேல் அங்கே யாரும் கூலிக்கு அழைக்க வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பிப் பிள்ளையை வைத்துக்கொண்டோம்? ஆண் பிள்ளை தூளி ஆட்டினால் ஊர் சிரிக்கும் என்ற பயம்தானே? தாய்க்குலம் தாய்க்குலம் என்று மேடையில் விளித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் 'சோறு எங்கே' என்று கேட்கிறவர்களில் இதை எழுதும் நாமும் அடக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. கூடத்தைத் திறப்பது பற்றிய தீர்மானம் இம்முறை முதல் பொருளாக வர வேண்டும் என்று இப்பத்திரிகை கோருகிறது. அன்று பேசிய மூத்த தோழரே அதை முன்மொழிய வேண்டும் என்று அவரிடம் நேரில் போய்க் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கூடத்தின் சாவி பொருளாளர் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. பாய் ஆறு கொடுக்க ஒரு தோழர் முன்வந்திருக்கிறார். உத்தரத்தில் தூளிக்கு நாலு கொக்கி அடிக்க வேண்டும். வெல்டிங் தெரிந்த தோழர்கள் சனிக்கிழமை மாலை வந்தால் போதும்.